இலைப் பாவாடை இனி வாடகைக்கு இல்லை

சென்னைப் பள்ளிகளில் ஆண்டு விழா நடத்தும் தலைமை ஆசிரியர்களுக்கும் கலை நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

வில்லிவாக்கத்தில் முப்பத்தோரு வருடமாக நாடக, நடன உடைகளை வாடகைக்குக் கொடுத்து வருகிறேன். உங்களில் பலருக்கு என் முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரியும். கார்த்திகை பிறந்தால் போதும், கடைத் தொலைபேசி ஓயாது. பரதம் எட்டு, பாரதியார் மூன்று, ஜான்சி ராணி இரண்டு, காய்கறி வேடம் ஒரு வரிசை என்று பட்டியல் வரும். அதில் அநேகமாக எல்லாப் பள்ளியும் கேட்கிற ஒன்று உண்டு: காட்டுவாசி செட். பச்சை இலைப் பாவாடை, தலைக்குக் கோழி இறகு, கழுத்துக்கு எலும்பு மணி, கைக்குத் தெர்மோகோல் ஈட்டி. முகத்துக்குக் கரி மை நீங்களே பூசிக்கொள்வீர்கள்.

என்னிடம் அப்படி நாற்பத்தாறு செட் இருந்தன. இந்த ஆண்டிலிருந்து அவற்றை யாருக்கும் தருவதாக இல்லை. தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற காரணமாக இருந்தால் அப்படியே சொல்லியிருப்பேன். அது அவ்வளவு சின்னது இல்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த உடை எந்த மலையிலிருந்தும் வந்ததில்லை. என் கத்தரியிலிருந்து வந்தது. கடை தொடங்கிய புதிதில் ஒரு பள்ளியிலிருந்து பழைய காலண்டர் படம் ஒன்றைக் கொடுத்து, இதுபோல் பத்து வேண்டும் என்றார்கள். பச்சை சாட்டின் துணி வாங்கினேன். அட்டையில் ஓர் இலை வரைந்து, அதை அச்சாக வைத்து வெட்டி, இடுப்புப் பட்டியில் வரிசையாகத் தைத்தேன். பின்னால் வெல்க்ரோ. பத்து இருபதானது, இருபது நாற்பத்தாறானது. அந்த இலை எந்த மரத்தின் இலை என்றுகூட நான் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தவர் ஒரு தாய். ஏழெட்டு வருடத்துக்கு முன், ஒரு ஜனவரி மாதம், கடையைப் பூட்டப் போகிற நேரத்தில் மூன்றாம் வகுப்புப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மருத்துவமனையில் செவிலியர் வேலை முடிந்து நேராக வந்திருந்தார். பள்ளியில் கொடுத்த துண்டுச் சீட்டை நீட்டினார். பாவாடையை எடுத்துப் பையன் இடுப்பில் வைத்து அளவு பார்த்தேன். அவர் அதைக் கையில் வாங்கி, உள்பக்கம் திருப்பி, சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அக்கா, இது எந்த ஊர்க்காரர்கள் உடுத்துவது?"

"மலையில் இருக்கிறவர்கள் உடுத்துவதுதானே அம்மா" என்றேன்.

"எந்த மலை?"

என்னிடம் பதில் இல்லை. அவர் கோபப்படவில்லை. பில் போடுவதற்காக நான் குனிந்திருந்தபோது மெதுவாகச் சொன்னார்: "நான் மலைதான் அக்கா. கோத்தகிரிப் பக்கம். எங்கள் அம்மா பானை வனைவார். அப்பா கொல்லுப் பட்டறை வைத்திருந்தார். எங்கள் ஊரில் சாமி விழாவுக்கு எல்லோரும் வெள்ளைதான் உடுத்துவோம்."

ஆனாலும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார். பையன் பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டார்கள், வேறென்ன செய்வார்? விழா முடிந்த மறுநாள் துவைத்து மடித்துக் கொண்டுவந்தார். ஈட்டியை மட்டும் காணோம். வீட்டுக்குப் போகிற வழியிலேயே பையன் உடைத்துப் போட்டுவிட்டான் என்று சொல்லி அறுபது ரூபாய் எடுத்துக் கொடுத்தார். நானும் வாங்கிக் கல்லாவில் போட்டேன். அந்த அறுபது ரூபாய் இன்றுவரை என் நெஞ்சில் கிடக்கிறது.

அந்த வருடம் மே மாதம் கடையை ஒரு வாரம் பூட்டிவிட்டு அவருடைய ஊருக்குப் போனேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை போயிருக்கிறேன். கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் ஆராய்ச்சிக்காரி அல்ல, துணி வெட்டுகிறவள். ஆனால் ஆசிரியர்களாகிய உங்களிடம் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். அந்தப் பொய்யைத் தைத்தவளே நான்தானே.

கோத்தகிரி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் செவிலியரின் மக்களான கோத்தர்கள் வாழும் கேரி, அதாவது தெரு, என்பதுதான் அப்படி மாறியது என்பார்கள். நீலகிரியில் கோத்தர்களுக்கு ஏழு ஊர்கள். கோக்கால் என்று சொல்கிறார்கள். அவர்கள் இரும்படிக்கிறவர்கள், மரவேலை செய்கிறவர்கள், பானை வனைகிறவர்கள், இசைக்கிறவர்கள். பானை பெண்களின் வேலை. ஒரு மலைக்கு வேண்டிய அரிவாளும் மண்வெட்டியும் பானையும் இவர்கள் கையிலிருந்துதான் போயின. தோடர்கள் எருமை வளர்த்துப் பாலும் நெய்யும் கொடுத்தார்கள். படுகர்கள் தானியம் கொடுத்தார்கள். குறும்பர்கள் காட்டுத் தேனும் மூங்கிலும் கொடுத்தார்கள்; தீங்கு அண்டாமல் காக்கும் மந்திரம் அவர்களிடம் இருக்கிறது என்று மற்றவர்கள் நம்பினார்கள், பயந்தார்கள். தோடர் வீட்டில் சாவு விழுந்தால் கோத்தர் போய் வாசிக்க வேண்டும். பணம் புழங்காமலே தலைமுறை தலைமுறையாக நடந்த கொடுக்கல் வாங்கல் இது. குடும்பத்துக்குக் குடும்பம் உறவு வைத்து நடத்தியிருக்கிறார்கள். சண்டை சச்சரவே இல்லாத சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. மேல் கீழ் அங்கும் இருந்தது. ஆனால் பட்டறை உலையும் சந்தையும் சடங்கும் ஒன்றோடொன்று பின்னிய ஒரு முழுச் சமூகம் அது. அதை நான் 'ஊகா ஊகா' என்று கத்துகிற நாலு பிள்ளைகளாகத் தைத்து வைத்திருந்தேன்.

அந்தச் செவிலியரின் அம்மா ஒரு கதை சொன்னார். பழைய நூல்களிலும் அது பதிவாகியிருக்கிறது. அவர்கள் தெய்வமாகிய காமட்டராயர் நெற்றி வியர்வையை வழித்தபோது மூன்று துளி விழுந்தது. ஒன்று தோடர், ஒன்று குறும்பர், ஒன்று கோத்தர். எத்தனையோ சாதிகளுக்கு எத்தனையோ பிறப்புக் கதைகள் கேட்டிருக்கிறேன். முகம், தோள், தொடை, பாதம் என்று கூறுபோடாமல், ஒரே நெற்றியின் வியர்வையிலிருந்து மூவரும் பிறந்ததாகச் சொல்லும் கதையை அங்கேதான் கேட்டேன்.

இனி நான் அறிந்த தொழிலுக்கு வருகிறேன். ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மாணவர்களை ஒவ்வொரு கோடையிலும் அழைத்துப் போகிறீர்கள். பூங்காவின் மேல் சரிவில் ஒரு தோடர் மந்து இருக்கிறது. மந்து என்றால் அவர்களுடைய குடியிருப்பு. உதகமண்டலம் என்ற பெயரின் வாலில் ஒட்டியிருப்பதும் அந்த மந்துதான். நான் போனது வேறொரு மந்து. அங்கே ஒரு மூதாட்டி வெயிலில் உட்கார்ந்து பூத்துக்குளி தைத்துக்கொண்டிருந்தார். தோடர்கள் ஆணும் பெண்ணும் போர்த்துகிற கனத்த வெள்ளைப் பருத்திப் போர்வை அது. சிவப்பும் கறுப்பும்தான் நூல். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன்.

துணியில் பென்சில் கோடு இல்லை. சட்டம் இல்லை. அச்சு இல்லை. துணியின் இழைகளை விரல் நுனியால் எண்ணி, இத்தனை இழைக்கு மேலே, இத்தனை இழைக்குக் கீழே என்று ஊசியை ஓட்டுகிறார். நூலை இறுக்கி இழுக்காமல் ஒரு மயிரிழை தளர்வாக விடுகிறார். அந்தத் தளர்வுதான் பிறகு புடைத்து நின்று, தைத்தது போல் இல்லாமல் நெய்தது போல் தெரிகிறது. நாம் பின்பக்கம் என்று நினைப்பதைப் பார்த்தபடிதான் தைக்கிறார். வேலை முடிந்து திருப்பினால் இரண்டு பக்கமும் உடுத்தலாம். எது முன், எது பின் என்று என் கண்ணுக்கே சட்டென்று பிடிபடவில்லை. முப்பது வருடம் ஊசி பிடித்த கை என்னுடையது. ஒரு வரிசை முயன்று பார்க்கக் கேட்டேன். கொடுத்தார். பதினைந்தாவது இழையில் எண்ணிக்கை தவறியது. அவர் சிரித்துக்கொண்டே பிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கண்கள் துணியில்கூட இல்லை, எதிரே மேய்கிற எருமை மேல் இருந்தன.

இறந்தவரையும் அந்தப் போர்வையில்தான் சுற்றி அனுப்புகிறார்கள். 2013இல் அந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர்கள் மொத்தமே சுமார் இரண்டாயிரம் பேர். அவர்கள் மொழி தமிழுக்கு உறவுதான் என்றாலும் தனி மொழி. பதினாறு உயிரொலிகள் உள்ளதாக மொழியறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எமனோ என்கிற அறிஞர் 1930களில் மலையிலேயே தங்கி அந்தப் பேச்சையும் பாட்டையும் எழுதி எடுத்திருக்கிறார். மனைவிக்கு ஏழாம் மாதத்தில் கணவன் வில்லும் அம்பும் செய்து கொடுத்து, பிறக்கப் போகும் பிள்ளைக்கு நானே தகப்பன் என்று ஊரறியச் சொல்லும் சடங்கு அவர்களிடம் உண்டு. நம் மேடையில் காட்டுவாசி கையில் வில் எதற்கு? குதிப்பதற்கு. அவர்கள் சடங்கில் வில் எதற்கு என்று பாருங்கள்.

இலைப் பாவாடையைப் பற்றி உங்களில் ஒருவர், மூத்த தமிழாசிரியர், என்னோடு வாதாடினார். "முற்காலத்தில் மலைவாசிகள் தழை உடுத்தியது உண்மைதானே?" என்றார். உண்மைதான் ஐயா. ஆனால் வகுப்பில் ஐந்திணை நடத்துகிற நீங்கள் அடுத்த வரியையும் சொல்ல வேண்டாமா? சங்கப் பாடல்களில் தலைவன் தலைவிக்கு ஆசையாகக் கொண்டுவந்து கொடுக்கும் பரிசு தழையாடை. குறிஞ்சியில் மட்டும் அல்ல, கடற்கரை நெய்தலிலும் பெண்கள் தழை உடுத்துகிறார்கள். அப்படியென்றால் அது மயிலாப்பூர்க்காரரின் பாட்டிக்குப் பாட்டியும் உடுத்திய உடை. நம் முன்னோர் உடுத்தியபோது அது காதல் பரிசு. அவர்கள் உடுத்தியதாகச் சொல்லும்போது மட்டும் அது காட்டுமிராண்டித்தனமா?

குறிஞ்சித் திணையின் கருப்பொருளை மனப்பாடம் செய்யச் சொல்கிறீர்கள்: தெய்வம் முருகன், உணவு தினை, பறை தொண்டகம், தொழில் தேனெடுத்தல். தேர்வில் ஐந்து மதிப்பெண். தேனெடுப்பவர்கள் மலைச்சரிவில் சார்த்தும் மூங்கில் ஏணிக்கு மால்பு என்று ஒரு சொல் அந்தப் பாடல்களில் வருகிறது. இன்றும் நீலகிரிக் குறும்பர்கள் கொடியால் பின்னிய ஏணியில் பாறை விளிம்பிலிருந்து இறங்கித்தான் மலைத்தேன் எடுக்கிறார்கள். மேலே கயிற்றைப் பிடித்துக்கொள்ள மனைவியின் உடன்பிறந்தவனை நிறுத்தும் வழக்கம் தேனெடுக்கும் மக்களிடம் உண்டு. தங்கை தாலியை அண்ணன் அறுக்க மாட்டான் என்ற நம்பிக்கை. ஈராயிரம் வருடத்துப் பாட்டின் சொல் அங்கே இன்னும் தொழிலாக உயிரோடிருக்கிறது. பிள்ளைகளிடம் பாட்டைச் சொல்கிறீர்கள், ஆட்களைச் சொல்வதில்லை.

மலை மக்களைக் காட்சிப்பொருளாகப் பார்ப்பது நம் நகரத்தில் தொடங்கிய வழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அளவுகோலும் கவட்டைக் கருவியும் எடுத்துக்கொண்டு மலை மலையாகப் போய் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூலின் முன்னுரையில் அவரே ஒரு செய்தியை எழுதியிருக்கிறார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல உடற்கட்டுள்ளவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்து மதராஸ் மியூசியத்தில் நிறுத்திவிடுவார் என்று பயந்தார்களாம். அவருக்கு அது சுவையான சம்பவம். எனக்கு அதைப் படித்தபோது கை நடுங்கியது. என் பரணில் நாற்பத்தாறு பஞ்சடைத்த ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர் சேகரித்த செய்திகள் பயன்படவில்லை என்று சொல்ல மாட்டேன். நான் இங்கே எழுதுவதில் சிலவும் அந்த வழியாக வந்தவைதான். ஆனால் அளப்பவர் ஒருவர், அளக்கப்படுபவர் ஒருவர் என்ற அந்த நிலை இன்றுவரை மாறவில்லை.

மலைக்கும் சென்னைக்கும் உள்ள கணக்கு அதோடு முடியவில்லை. 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறினார். சில வருடத்தில் தோடர்களின் மேய்ச்சல் நிலத்தில் கல் வீடு எழும்பியது. பிறகு கோடை வந்தால் மதராஸ் அரசாங்கமே கோப்புகளைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போய்விடும். தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளில் தேயிலை வந்தது, சீகை மரம் வந்தது, கற்பூர மரம் வந்தது. தலைவலி வந்தால் நெற்றியில் தடவுகிறோமே நீலகிரித் தைலம், அது ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரத்தின் எண்ணெய். நீலகிரியின் சொந்தச் செல்வம் சோலையும் புல்வெளியும். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்த பிறகு, காட்டில் கிழங்கு தோண்டுவதும் மாடு மேய்ப்பதும் அனுமதி கேட்டுச் செய்ய வேண்டிய காரியங்களாகிவிட்டன. காட்டில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2006இல்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வாச்சாத்தியையும் சொல்லுங்கள். தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. அந்தத் தீர்ப்பை 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. உங்களில் பலருடைய பள்ளிக்கு அருகில்தான் அந்தக் கட்டடம் இருக்கிறது. முப்பத்தோரு வருடம் அந்தப் பெண்கள் சளைக்காமல் நீதிமன்றப் படியேறினார்கள். வீரமங்கை வேடம் கேட்டு என்னிடம் வருகிறீர்கள். வீரமங்கையர் நம் காலத்திலேயே இருக்கிறார்கள்.

மலையாளி என்றதும் கேரளம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள், திருத்துங்கள். கொல்லிமலை, சேர்வராயன் மலை, பச்சைமலை, ஜவ்வாது மலை ஆகியவற்றில் வாழும் இவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோரான அண்ணன் தம்பி மூவர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். அதாவது அவர்கள் கதைப்படி நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். கொல்லிமலைச் சாமையும் தினையும் இன்று நம் கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கின்றன, தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த விதைகளைக் காக்க அந்த மக்களோடு பல வருடம் வேலை செய்திருக்கிறது. ஜவ்வாது மலையில் புலியூர் என்ற சிற்றூரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் 2023இல் பிரசவமான இரண்டு நாளில் சென்னைக்கு வந்து உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதினார், தேர்ச்சியும் பெற்றார். நாளை அவர் முன் நம் பிள்ளைகள் வழக்கறிஞர்களாக நிற்கக்கூடும்.

மலைக்கே போக வேண்டாம் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போங்கள். வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கப்பட்டது. பாம்புத் தோல் வியாபாரத்தைச் சட்டம் தடுத்தபோது பிழைப்பு இழந்தவர்கள், அதே அறிவைக் கொண்டு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விடும் தொழிலைக் கட்டியெழுப்பினார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. எந்த ஊரிலோ வரப்பில் கடிபட்ட ஒரு விவசாயி பிழைத்தால் அதில் இவர்கள் கை இருக்கிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இவர்கள் சமவெளி இருளர். நீலகிரியில் ரங்கசாமி மலையுச்சியில் பூசை செய்வதும் இருளர்தான். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். எங்கெங்கோ இருந்து இருளர் குடும்பங்கள் வந்து மணலில் கூடாரம் போட்டுக் கன்னியம்மனுக்குப் படைத்து, அங்கேயே பெண் பார்த்து, திருமணமும் முடிக்கிறார்கள். நான் இரண்டு வருடமாகப் போகிறேன். அங்கே இலைப் பாவாடை கட்டிய ஒருவரையும் பார்க்கவில்லை.

நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழிகளில் சிலவற்றை ஏற்கனவே கேட்டிருக்கிறேன். "சின்னப் பிள்ளைகள் விளையாட்டு" என்பீர்கள். விளையாட்டில் கற்றுக்கொள்வதுதான் கடைசிவரை நிற்கும் என்று உங்கள் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். "மீனவர் வேடம், விவசாயி வேடம்கூடப் போடுகிறோமே" என்றார் ஒரு பொறுப்பாளர். ஆம், விவசாயிக்கு ஏர் கொடுக்கிறீர்கள், மீனவருக்கு வலை கொடுக்கிறீர்கள். கோத்தருக்கு மட்டும் சுத்தியலும் சக்கரமும் ஏன் இல்லை? "எங்கள் பள்ளியில் அப்படிப் பிள்ளைகள் யாரும் கிடையாது" என்றார் இன்னொருவர். அது உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பையன் படித்த பள்ளியிலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களின் பிள்ளைகள் சென்னைக்கும் வந்து படிக்கிறார்கள். கரி பூசிய முகங்களுக்கு நடுவே தன் நிறத்திலேயே நின்ற ஒரு பிள்ளை என்ன நினைத்திருக்கும் என்று நான் அதிக நாள் தூங்காமல் யோசித்திருக்கிறேன்.

மலையை மேடைக்குக் கொண்டுவராதீர்கள் என்று நான் சொல்லவில்லை, கொண்டுவாருங்கள். எந்த மக்கள், எந்த மலை என்று பெயர் சொல்லிக் கொண்டுவாருங்கள். அந்த மக்களில் ஒருவரிடமாவது முதலில் கேளுங்கள். கோத்தர் ஆட்டம் வேண்டுமென்றால் அவர்கள் ஊரிலிருந்து கொள் என்னும் ஊதுகுழல் வாசிப்பவரையும் பறை அடிப்பவரையும் அழையுங்கள், உரிய சம்பளம் கொடுங்கள். ஆண்கள் ஒரு சுற்று, பெண்கள் ஒரு சுற்று என்று நிதானமாக வட்டத்தில் ஆடுவார்கள். ஒருவரும் குதிக்க மாட்டார்கள். ஊட்டிச் சுற்றுலாவில் படகுச் சவாரியில் அரை மணி குறைத்துக்கொண்டு, முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடி நாள். அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தெரிந்தவர் பேசட்டும்.

உடை என் பொறுப்பு. எளிய வெள்ளை வேட்டியும் போர்வையும் எத்தனை வேண்டுமானாலும் தைத்து, முதல் வருடம் வாடகை இல்லாமல் தருகிறேன். பூத்துக்குளி மாதிரி அச்சடித்த துணியைக் கேட்காதீர்கள். அது சாவுக்கும் வாழ்வுக்கும் அவர்கள் போர்த்துவது, அச்சடித்துத் தர எனக்கு உரிமை இல்லை. உண்மையானது வேண்டுமென்றால் தைக்கிற பெண்களிடமே விலை கொடுத்து வாங்குங்கள், முகவரி விசாரித்துச் சொல்கிறேன்.

டிசம்பர் விழாவுக்காகக் காட்டுவாசி செட்டுக்கு இரண்டு பள்ளிகள் ஏற்கனவே முன்பணம் கட்டியிருக்கின்றன. தொகையை உறையில் போட்டு வைத்திருக்கிறேன்; யாராவது வந்து வாங்கிக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை. நாற்பத்தாறு பாவாடைகளையும் இலை இலையாகப் பிரித்து, கம்பிச் சட்டத்தில் தைத்து மரங்களாக்கிவிட்டேன். மொத்தம் ஆறு மரம் வந்திருக்கின்றன, எட்டடி உயரம். மேடையில் நிறுத்துவதற்கு வேண்டுமென்றால் நாளொன்றுக்கு வாடகை முந்நூறு ரூபாய்.

இப்படிக்கு,
வில்லிவாக்கம் நாடக உடைக் கடைக்காரி